வளைவு வந்தா மட்டும் கவுந்துடுதே!

ராத்திரி ஒன்றரை மணி. ஹாஸ்டலின் டேபிள் டென்னிஸ் ரூம். எட்டுக்கு நாலு ப்ளைவுட் பலகை. அதன் மேல் தண்டவாளம். தண்டவாளத்தின் மேல் ஒரு குட்டி இன்ஜின், ஆறு பயணிகள் பெட்டி. நேர்ப்பாதையில் ராஜா மாதிரி வருகிறது வண்டி. வளைவுக்குள் நுழைகிறது. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலாவது பெட்டி 'டக்'கென்று சாய, அஞ்சும் ஆறும் அதன் முதுகில் ஏறிப் படுத்துக்கொள்கின்றன.

“மச்சி, வளைவே இல்லாம ஒரு லே-அவுட் போட்டா என்ன?” என்றான் ரூம்மேட்.

“போடலாம். வண்டி கதவைத் திறந்துக்கிட்டு நேரா மெஸ்ஸுக்குப் போயிடும்!”

சிரித்தோமே தவிர, சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒன்பதே நாள். “ஓடற ரயிலா இருந்தா ஹால்ல வைங்க. கவுர்ற ரயிலா இருந்தா ஹாஸ்டல்லயே வெச்சுக்கங்க” என்று ஹெச்.ஓ.டி. ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய சிக்கல், ரயில் எங்களுடையதே இல்லை. கிளாஸ்மேட் ஒருத்தனின் சித்தப்பா அமெரிக்காவில் இருந்தபோது பத்து வருஷமாகச் சேர்த்த செட் அது. ஊரோடு வந்து செட்டிலானவர், “ஒரு மாசம் வெச்சிருங்க, பத்திரம்” என்று சொல்லித் தூக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த கிளாஸ்மேட்டுக்கு எங்கள் செட்டில் பெயர் 'ஓனர்'. பெட்டிகளுக்குள் குட்டிக் குட்டி எல்.இ.டி. விளக்கு மாட்டிய இ.இ.இ. நண்பனுக்குப் பெயர் 'கரன்ட்'. நான் மெக்கானிக்கல். அதனால் கவிழ்வது என் டிபார்ட்மென்ட்!

முதலில் இந்தக் குட்டி ரயிலின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் அதிகம் பேர் வைத்து விளையாடும் அளவு 'ஹெச்.ஓ.'. 'ஓ' என்று ஒரு பெரிய அளவு உண்டு, அதில் பாதி என்பதால் 'ஹாஃப் ஓ'. நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இடைவெளி 16.5 மி.மீ. எங்கள் பெட்டிகள் 85 அடி நீள அமெரிக்கப் பெட்டிகளின் மாடல். சுருக்கிய பிறகும் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 30 செ.மீ., அதாவது ஒரு முழு ஸ்கேல் நீளம். அந்த முழு ஸ்கேலை எங்கள் பலகையில் 22 அங்குல ஆரமுள்ள வளைவில் திருப்பப் பார்த்தோம்.

இந்த இடத்தில் சின்னதாக ஒரு கணக்கு. 22 அங்குலம் என்பது 56 செ.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 49 மீட்டர்கூட வராது. நம்ம ஊர் அகல ரயில் பாதையில் அனுமதிக்கிற ஆகக் கூர்மையான வளைவே 10 டிகிரி. அதன் ஆரம் 175 மீட்டர். அதையே ஹெச்.ஓ.வில் நேர்மையாகச் செய்யப் போனால் ஆரம் 2 மீட்டர் வரும். முழு வட்டம் 4 மீட்டர் அகலம். எந்த ஹாஸ்டல் ரூமில் வைப்பது? அதனால் மாடல் ரயில் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும், நிஜ ரயில் கனவிலும் திரும்பாத வளைவில்தான் பெட்டியைத் திருப்புகிறார்கள். அது திரும்புவதுதான் அதிசயம், கவிழ்வது இல்லை!

இந்த விஷயத்தில் அனுபவசாலிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வளைவின் ஆரம், பெட்டியின் நீளத்தைப்போல மூன்று மடங்கு இருந்தால் கவலையில்லை. இரண்டரை மடங்கு என்றால் பெரும்பாலும் ஓடும். இரண்டு மடங்கு, ரிஸ்க். எங்களுடையது இரண்டுகூட இல்லை. 1.9! (ஜெர்மனியின் மார்க்ளின் கம்பெனி இதற்குக் கையாண்ட குறுக்கு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அகலம், உயரமெல்லாம் 87-ல் ஒரு பங்கு, நீளத்தை மட்டும் 100-ல் ஒரு பங்காக்கிப் பெட்டியைக் குட்டையாக்கி விற்றார்கள். பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது, வளைவுக்குத் தெரியும்.)

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பெட்டி கவிழ்கிறது, எதையாவது செய்ய வேண்டும். செய்தேன். அதுதான் வினை.

நான் செய்த ஆபரேஷன்

வளைவில் பெட்டிக்கு அடியில் இருக்கிற போகி திரும்ப வேண்டும். 'போகி' என்றதும் மொத்தப் பெட்டியையும் நினைக்காதீர்கள். நாம்தான் “எந்த போகில சீட்டு?” என்று கேட்டுப் பழகிவிட்டோம். ரயில்வேக்காரர்களுக்கு போகி என்றால் பெட்டிக்கு அடியில் முன்னும் பின்னும் இருக்கும் சக்கர வண்டி. எங்கள் வளைவில் அது 11 டிகிரி வரை திரும்பியாக வேண்டும். நிஜ ரயிலில், அந்த 175 மீட்டர் வளைவில்கூட இரண்டரை டிகிரிதான்.

'அப்போ போகி திரும்பும்போது சக்கரம் பெட்டியோட அடியில இடிக்குது. அதான் கவுறுது' என்று ஒரு முடிவுக்கு வந்தேன். ஆதாரம்? ஒன்றும் கிடையாது. தூக்கம் வராத மூளையில் தோன்றியது, அவ்வளவுதான். அரம் எடுத்தேன். ஆறாவது பெட்டியைத் திருப்பிப் போட்டு அடிப்பாகத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். பத்து நிமிஷம். 'சடக்'. போகியின் ஸ்க்ரூ ஏறுகிற பிளாஸ்டிக் குமிழ் உடைந்து கையோடு வந்துவிட்டது.

ரூமில் யாரும் பேசவில்லை. ஓனர் அந்தக் குமிழைக் கையில் வாங்கிப் பார்த்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை. “சித்தப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்டா” என்றான். அதற்கப்புறம் எனக்கு எங்கே தூக்கம்?

மறுநாள் ஓனர் போன் பண்ணியது சித்தப்பாவுக்கு இல்லை, பெரியப்பாவுக்கு. பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தம்பி அமெரிக்காவில் பொம்மை ரயில் சேர்த்ததற்குக் காரணமே, சின்ன வயசில் அண்ணன் சட்டையில் வீசிய கிரீஸ் வாசனைதான் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்களாம்.

சனிக்கிழமை காலையில் மின்சார ரயில் பிடித்து, கையில் ஒரு மஞ்சப் பையோடு வந்து இறங்கினார். பையில் இருந்தது ஒரு லென்ஸ், ஒரு டார்ச், ஒரு டப்பா சாக்பீஸ். டூல்ஸ் ஒன்றுகூட இல்லை!

“ஏம்ப்பா, யாரு அரம் எடுத்தது?”

கையைத் தூக்கினேன்.

“எங்க ஏறுச்சு, எங்க விழுந்துச்சுன்னு பாத்தியா?”

“இல்ல பெரியப்பா.”

“பாக்காம அரம் எடுத்தியா?” அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சாக்பீஸ் வைத்தியம்

நிஜ ரயில் தடம் புரண்டால் விசாரணைக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது இரண்டு இடங்களை என்று விளக்கினார். சக்கரத்தின் ஓரத்தில் வரம்பு மாதிரி ஒன்று இருக்கிறது அல்லவா? அதுதான் ஃபிளாஞ்ச். அது தண்டவாளத்தின் தலை மீது ஏறுகிற இடம் 'பாயின்ட் ஆஃப் மவுன்ட்'. ஏறியதும் உடனே விழாது. தண்டவாளத்தின் மேலேயே கொஞ்ச தூரம் ஓடிவிட்டு அந்தப் பக்கம் இறங்கும். அது 'பாயின்ட் ஆஃப் டிராப்'. பெட்டி படுத்துக்கிடக்கிற இடமோ இன்னும் தள்ளி இருக்கும். கூட்டம் கூடுவது அங்கே. காரணம் இருப்பது, ஏறிய இடத்துக்கும் முன்னால். நாங்கள் ஒரு வாரமாக முறைத்துக்கொண்டிருந்தது பெட்டி படுத்த இடத்தை!

“வண்டிய ஓட்டு. ஒவ்வொரு வாட்டியும் ஏறுன எடத்துல கோடு போடு. பெட்டி நம்பரு, எந்தச் சக்கரம், எழுது. எதையும் தொடாத.”

அவர் காலத்தில் இல்லாத ஒரு வசதி எங்களிடம் இருந்தது. மொபைலில் ஸ்லோ மோஷன். தண்டவாளத்தின் மட்டத்துக்கே போனைப் படுக்க வைத்து எடுத்தோம். முதல் தடவை அந்த வீடியோவைப் பார்த்தபோது பெரியப்பா லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். ஃபிளாஞ்ச் மெல்ல மெல்லத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் தொற்றி ஏறுவது, மேலே ஒரு நொடி நின்று யோசிப்பதுபோல ஓடுவது, அப்புறம் அந்தப் பக்கம் குதிப்பது, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. “முப்பத்தஞ்சு வருஷம் மார்க்கைத்தான்டா பாத்திருக்கேன். ஏர்றத இப்பதான் பாக்கறேன்” என்றார். “இன்னொரு வாட்டி போடு.” அதே வீடியோவை ஒன்பது தடவை போட்டுக் காட்டினோம்.

மதியத்துக்குள் இருபது சாக்பீஸ் கோடுகள். அதைப் பார்த்ததும் எங்களுக்கே விஷயம் புரிந்தது. வளைவு முழுக்கக் கோடு இல்லை. இரண்டே இடத்தில் கொத்தாகக் கிடந்தது. அதுபோக நாலாம் நம்பர் பெட்டி மட்டும் இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் ஏறியிருந்தது.

எந்தப் பெட்டி வந்தாலும் ஒரே இடத்தில் கவிழ்ந்தால் குற்றவாளி பாதை. எந்த இடமானாலும் ஒரே பெட்டி கவிழ்ந்தால் குற்றவாளி பெட்டி. சந்தேகம் வந்தால் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டு, அதாவது முன்பக்கத்தைப் பின்பக்கமாக. அதே போகிதான் மறுபடியும் ஏறுகிறதா என்று பார். இவ்வளவுதான் மொத்த டயக்னாசிஸும். இதற்கு நாலு வருஷம் பி.இ. தேவையில்லை. ஆனால், பி.இ. படிக்கிற நாலு பேருக்குத் தோன்றவில்லையே!

நகத்துக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை

முதல் கொத்து, இரண்டு வளைவுத் துண்டுகள் சேரும் இடம். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெரியப்பா சுண்டுவிரல் நகத்தை வெளித் தண்டவாளத்தின் உள்பக்கம் வைத்து மெல்ல இழுத்தார். 'க்ளிக்'. “தடவிப் பாரு.” தடவினேன். ஒரு மயிரிழை படிக்கட்டு. இரண்டு தண்டவாளத்தையும் சேர்க்கும் குட்டித் தகடு (நிஜ ரயிலில் இந்த வேலையைச் செய்வது ஃபிஷ் பிளேட்) ஒரு பக்கம் உள்ளே நுழையாமல், தண்டவாளம் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. கழற்றி, சரியாகச் சொருகி, உள் ஓரத்தை உப்புத்தாளால் லேசாக நீவினோம். அந்தக் கொத்து காலி.

இந்தச் சின்னப் படி வளைவில் மட்டும் ஏன் வில்லன் ஆகிறது? நேர்ப்பாதையில் ஃபிளாஞ்ச் தண்டவாளத்தை உரசுவதே அபூர்வம். வளைவிலோ ஒவ்வொரு போகியின் முன் அச்சில் இருக்கிற வெளிப்பக்கச் சக்கரம் தண்டவாளத்தை அழுத்திக்கொண்டேதான் வரும். நிஜ ரயிலில் சக்கரத்தின் உருளும் பரப்பு கூம்பு மாதிரி சரிவாக இருக்கும். இந்தியாவில் 20-க்கு 1 சரிவு. வளைவில் வண்டி வெளிப்பக்கம் தள்ளும்போது வெளிச் சக்கரம் தன்னுடைய பெரிய சுற்றளவிலும், உள் சக்கரம் சின்னச் சுற்றளவிலும் உருளும். அதனால் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருந்தும் வண்டி திரும்புகிறது. மாடல் சக்கரத்திலும் இந்தச் சரிவு உண்டு. ஆனால், எங்கள் வளைவுக்கு அது போதவே போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஹெச்.ஓ.வில் ஒரு முழு வட்டம் போனால், வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட 10.4 செ.மீ. அதிக நீளம். வட்டம் சின்னதோ பெரிதோ, அந்த 10.4 மாறாது! (இடைவெளியை இரண்டு பையால் பெருக்குங்கள், ப்ளஸ் டூ கணக்குதான்.) சின்ன வட்டத்தில் அந்த வித்தியாசத்தைக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே சமாளித்தாக வேண்டும். கூம்பு கைவிட்டதும் ஃபிளாஞ்ச்தான் முட்டி முட்டித் திருப்புகிறது. அப்படி முட்டுகிறவனுக்கு ஒரு மயிரிழைப் படி கிடைத்தால் ஏறாமல் என்ன செய்வான்?

இரண்டாவது கொத்து, ஸ்டேஷனுக்கு முன்னால். அங்கே ஒரு வலது வளைவு முடிந்த கையோடு இடது வளைவு. பார்க்க அழகாக இருக்கும் என்று நான்தான் போட்டேன். பெட்டி வளைவில் நிற்கும்போது மேலே இருந்து பாருங்கள். நடு வயிறு உள்பக்கம் தள்ளும், இரண்டு முனையும் வெளிப்பக்கம் நீளும். எங்கள் பெட்டிக்கு இரண்டுமே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். எஸ் வளைவில் முன் பெட்டியின் பின்முனை ஒரு சென்டிமீட்டர் இந்தப் பக்கம், பின் பெட்டியின் முன்முனை ஒரு சென்டிமீட்டர் அந்தப் பக்கம். நடுவில் மாட்டிய கப்ளிங்கின் கதி? கயிறு இழுக்கும் போட்டியில் சிக்கிய கயிறு கதிதான். இதற்கு மருந்து ஒன்றே ஒன்று, இரண்டு வளைவுக்கும் நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்ப்பாதை. போட்டோம். அதற்காக ஸ்டேஷன் பிளாட்பாரத்தை 30 செ.மீ. வெட்டியதில், ரூம்மேட் தெர்மாகோலில் கட்டிய டீக்கடை போய்விட்டது. இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

நாலாம் நம்பர் பெட்டி

பாதை சரியானதும் நாலாம் நம்பர் மட்டும் பாக்கி. பெரியப்பா அதைத் திருப்பி உள்ளங்கையில் வைத்தார். போகியை ஒரு விரலால் திருப்பினார். விட்டார். போகி ஸ்பிரிங் மாதிரி தானே பழைய இடத்துக்குத் திரும்பியது. மறுபடி திருப்பினார். மறுபடி திரும்பியது.

“இடிக்கல. யாரோ புடிச்சி இழுக்கறான்” என்றார்.

எல்லாரும் கரன்ட்டைப் பார்த்தோம். தண்டவாளத்திலிருந்து கரன்ட் எடுத்து விளக்குக்குக் கொண்டுபோக அவன் போட்டிருந்தது ஒற்றைக் கம்பி ஒயர். விறைப்பானது. போகி திரும்பப் பார்க்கும், ஒயர் விடாது. நான் அரம் எடுத்து ஒரு பெட்டியைக் கொன்றேனே, அந்த ஆறாம் நம்பரிலும் அதே ஒயர்தான். அடிப்பாகம் எங்கேயும் இடிக்கவே இல்லை. அரத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுத வேண்டாம்.

கரன்ட் ஒன்றும் பேசாமல் தன் பழைய இயர்போனை எடுத்து வெட்டினான். அதற்குள் இருக்கும் ஒயர் முடி மாதிரி மெல்லிய இழைகளால் ஆனது, துணி மாதிரி வளையும். மேலே பூசியிருக்கும் எனாமலை சால்டரிங் அயர்னால் சுட்டு எடுத்துவிட்டு, நடுவில் கொஞ்சம் தொங்கல் விட்டு ஒட்டினான். இப்போது போகியை ஊதினாலே திரும்பியது.

அப்புறம் ஸ்க்ரூ. நாங்கள் இரண்டு போகியின் ஸ்க்ரூவையும் 'நல்லா இருக்கட்டும்' என்று இறுக்கி வைத்திருந்தோம். பெரியப்பா ஒரு போகியின் ஸ்க்ரூவை, பக்கவாட்டில் ஆடாமல் திரும்ப மட்டும் செய்கிற அளவுக்குத் தளர்த்தினார். இன்னொன்றை இன்னும் ஒரு சுற்று தளர்த்தி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் லேசாக ஆடும்படி விட்டார். மூன்று கால் ஸ்டூல் மேடு பள்ளத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நாலு கால் ஸ்டூல் ஆடும் இல்லையா? அதே கணக்கு. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்ச்சி என்றால் பெட்டி மூன்று காலில் நிற்கிற மாதிரி. பலகை கொஞ்சம் வளைந்திருந்தாலும் எட்டுச் சக்கரமும் தண்டவாளத்தை விடாது.

சக்கரங்களையும் விட்டுவைக்கவில்லை. லேப் வெர்னியரைக் கொண்டுவந்து, ஓர் அச்சில் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தோம். ஹெச்.ஓ.வில் அது 14.4 மி.மீ. பக்கம் இருக்க வேண்டும். ரெண்டாம் நம்பர் பெட்டியில் ஓர் அச்சு சரியாக 14. லேசாகத் திருகி இழுத்ததும் சரியானது. முதல் வருஷம் வெர்னியர் எக்ஸ்பரிமென்ட்டை ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தலையில் மூட்டை

கடைசியாக எடை. அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய தேசிய மாடல் ரயில்பாதைச் சங்கம் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. ஹெச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், அப்புறம் பெட்டியின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். எங்கள் 12 அங்குலப் பெட்டிக்கு 7 அவுன்ஸ், அதாவது 200 கிராம். மெஸ் சமையல்காரரிடம் கெஞ்சி வாங்கிய தராசில் வைத்தால் 135!

எடை ஏன் முக்கியம் என்பதை நடால் என்ற பிரெஞ்சு இன்ஜினீயர் எப்போதோ சொல்லிவிட்டார். சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை ஒன்று, கீழே அழுத்தும் விசை ஒன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் எண் ஓர் எல்லையைத் தாண்டினால் ஃபிளாஞ்ச் ஏறும். ஃபிளாஞ்சின் சரிவும் உராய்வும்தான் அந்த எல்லையை முடிவு செய்கின்றன. இன்றைக்கும் நிஜ ரயில் பெட்டிகளுக்கு இந்த விகிதத்தைப் பார்க்கிறார்கள். வளைவில் பக்கவாட்டு விசையைக் குறைக்க எங்களிடம் வழி அதிகம் இல்லை. கீழே அழுத்துவதைக் கூட்டலாம்.

டயர் கடையில் வீல் பேலன்ஸிங்குக்கு ஒட்டுவார்களே, 5 கிராம் ஸ்டிக்கர் எடை? ஒரு பட்டை வாங்கி வந்தோம். கூரையைக் கழற்றுவது சுலபம் என்பதால் ரூம்மேட் முதல் பெட்டிக்குக் கூரையின் உள்பக்கமே ஒட்டிவிட்டான். வளைவில் அது தண்ணி போட்டவர் மாதிரி ஆடியது. “தலையில மூட்டையோட ஓடச் சொல்ற... கீழ வைப்பா” என்றார் பெரியப்பா. பிய்த்து, தரையில், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகப் பரப்பி ஒட்டினோம். ஒன்றைக் கவனியுங்கள். கடைசிப் பெட்டிகளை மட்டும் கனமாக்கினால் புது வம்பு வரும். இன்ஜின் முன்னால் இழுக்க, கனம் பின்னால் பிடிக்க, நடுவில் இருக்கும் லேசான பெட்டியை நாண் மாதிரி உள்பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும். எல்லாப் பெட்டியும் ஒரே எடை, அதுதான் நிம்மதி.

பின்னால் தள்ளும்போது கவிழ்வது மட்டும் தீரவில்லை. எங்கள் பெட்டிகளில் கப்ளிங், பெட்டியில் இல்லாமல் போகியிலேயே மாட்டியிருக்கிறது. இழுக்கும்போது கூர்மையான வளைவுக்கு அது வசதி. தள்ளும்போது தள்ளுகிற விசை நேராகப் போகியைத் திருகிவிடும். அதைத் திருத்த நேரமில்லை. ரிவர்ஸ் கியருக்குத் தடை போட்டோம்.

“இதெல்லாம் பொம்மைடா, ப்ராஜெக்ட்டா?” என்று எட்டிப் பார்த்துச் சிரித்த கம்ப்யூட்டர் சயின்ஸ் பயல்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்கள் 1946-ல் ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பித்தார்கள். பலகைக்கு மேலே ரயிலையும் ஊரையும் அழகு பார்த்தவர்கள் ஒரு கோஷ்டி, பலகைக்கு அடியில் ஒயரும் ரிலேயுமாகப் படுத்துக்கிடந்தவர்கள் இன்னொரு கோஷ்டி. அந்த அடிப்பலகை கோஷ்டி சாமர்த்தியமான வேலைக்கு வைத்த பெயர்தான் 'ஹேக்'. அப்படியே கம்ப்யூட்டர் பக்கம் போய், 1962-ல் 'ஸ்பேஸ்வார்' என்ற வீடியோ கேமை எழுதியவர்களில் அந்த கிளப் ஆட்களும் உண்டு. 'ஹேக்கர்' என்று டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ரயிலைக் கிண்டல் செய்யக் கூடாது பாஸ்!

சிம்போசியம் அன்று ஐந்து பெட்டியோடு வண்டி ஓடியது. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை ஒரு தடவைகூட விழவில்லை. பெரியப்பா அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டையில் வந்து, பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்டு வந்தவர்களை நாங்கள் அவரிடமே அனுப்பினோம். ஒரு கட்டத்தில் ஹெச்.ஓ.டி.யே குனிந்து, போனில் இருந்த அந்த ஸ்லோ மோஷன் வீடியோவை அவர் விளக்க விளக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவும் வந்தார். சைடிங்கில் தனியாக நின்ற ஆறாம் நம்பரைப் பார்த்தார். ஓனர் வாயைத் திறப்பதற்குள் நான் போய், “அங்கிள், அது நான்தான்” என்றேன். உடைந்த குமிழை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். திறந்து பார்த்தார். “இதுல நானும் ஒண்ணு உடைச்சிருக்கேன், வேற பெட்டியில. அப்போ எனக்கு முப்பத்தெட்டு வயசு” என்றார்.

மூன்று மணி, பத்து நிமிஷம். மூன்றாம் நம்பர் பெட்டி 'டக்'.

கூட்டம் “ஓஓஓ...” என்றது. பழைய ஆளாக இருந்தால் கை அரத்தைத் தேடியிருக்கும். சாக்பீஸை எடுத்தேன். பெட்டி படுத்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போனேன். விழுந்த மார்க், அதற்குப் பின்னால் ஏறிய மார்க், அதற்கும் கொஞ்சம் பின்னால் தண்டவாளத்தின் தலையில் ஒட்டியிருந்தது ஒரு துண்டு ஜிகினா. மேடை அலங்காரத்திலிருந்து பறந்து வந்தது. நகத்தால் எடுத்து பெரியப்பாவிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஓட்டு” என்றார்.